வீட்டு சர்வரில் ஆறில் மூன்று ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை, ரெய்டும் நின்றுவிட்டது. உதவி தேவை

மேடவாக்கம்_மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆறு வருடமாக ஒரு சின்ன சர்வர் ஓடுகிறது. ஓபன்மீடியாவால்ட் என்ற சர்வர் ஓஎஸ், நான்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க், ரெய்டு 5 (நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா தப்பும் முறை), அதன் மேல் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். ஒரு நாள்கூடத் தொந்தரவு கொடுத்ததில்லை. இடம் போதவில்லை என்று போன வாரம் இரண்டு 12 டிபி யூஎஸ்பி எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கி, பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டேன், தனி டிஸ்க்காக வாங்குவதைவிட அதுதான் மலிவாக வந்தது. பழைய கேபினெட்டில் ஆறு டிஸ்க் அடங்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் பெரிய கேபினெட்டுக்கு மாற்றினேன். ஓஎஸ் அதுவரை பென் டிரைவில் இருந்தது, அதையும் கையோடு ஒரு எம்.2 எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன். எஸ்எம்பிஎஸ் பழையதுதான், 450 வாட். அதில் இரண்டு சாட்டா வயர் (டிஸ்க்குக்குப் பவர் கொடுப்பவை), ஒவ்வொன்றிலும் இரண்டு கனெக்டர். புது கேபினெட்டில் எட்டவில்லை, எண்ணிக்கையும் போதவில்லை. அதனால் ஒன்றுக்கு நான்கு ஸ்பிளிட்டர் ஒன்று வாங்கி பழைய நான்கு டிஸ்க்கையும் அதில் போட்டேன், புதிய இரண்டையும் எஸ்எம்பிஎஸ்ஸின் இன்னொரு வயரில் நேரடியாகப் போட்டேன்.

முதல் முறை ஆன் செய்ததும் பயாஸில் தெரிந்தது மூன்று டிஸ்க்தான், மூன்றுமே பழையவை. புதியவை இரண்டும் இல்லை, பழையதில் ஒன்றும் இல்லை. ரெய்டு 'டீகிரேடட்', அதாவது ஒரு டிஸ்க் குறைவு, என்று காட்டினாலும் ஓடியது, ஃபைல்கள் எல்லாம் திறந்தன. கேபிள் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். புதன்கிழமை இரவு போனில் இருந்து போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது எல்லாம் அப்படியே உறைந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் பயாஸில் மறுபடியும் அதே மூன்று டிஸ்க் வருகிறது, ஆனால் ரெய்டு வரவே இல்லை. ஓபன்மீடியாவால்ட் பக்கத்தில் ரெய்டு பட்டியல் காலி. அங்கே புதிதாக ரெய்டு உருவாக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது. அதே டிஸ்க்குகளை அதே வரிசையில் கொடுத்து உருவாக்கினால் பழைய டேட்டா திரும்ப வந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இன்னும் அழுத்தவில்லை. அழுத்தலாமா?

உள்ளே இருப்பதில் முக்கியமானது என் அப்பா 80களிலும் 90களிலும் கேசட்டில் பதிந்து வைத்த கோயில் திருவிழா நாகஸ்வரக் கச்சேரிகள். மயிலாடுதுறைப் பக்கத்தில் எந்த ஊரில் திருவிழா என்றாலும் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மொத்தம் 340 கேசட். இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துவிட்டது, இன்னொரு முறை ஓட்ட முடியாது. வேறு எங்கும் காப்பி இல்லை. அது என் தவறுதான்.

சால்டரிங்_மணி எழுதியது:

தம்பி, அழுத்த வேண்டாம். முதலில் சர்வரை ஆஃப் செய்யுங்கள், மெயின் வயரையும் எடுத்துவிடுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

புதிதாக உருவாக்குவது என்றால் டிஸ்க்கின் மேல் புதுக் கணக்கு எழுதுவது. டிஸ்க் வரிசை, துண்டின் அளவு, டேட்டா எங்கே ஆரம்பிக்கிறது என்ற இடம், இதில் ஒன்று பழையதோடு பொருந்தாவிட்டாலும் உள்ளே இருப்பது குப்பையாகத்தான் தெரியும். ரெய்டை நடத்தும் எம்டிஅட்ம் மென்பொருளில் பதிப்புக்குப் பதிப்பு அந்த ஆரம்ப இடம் மாறியிருக்கிறது, ஆறு வருடத்துக்கு முன் வைத்த இடத்திலேயே இன்றும் வைக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. அதற்கும் மேலே, உருவாக்கிய உடனே அது பாரிட்டியை, அதாவது ஒரு டிஸ்க் போனால் மீட்க உதவும் கணக்கை, எழுத ஆரம்பித்துவிடும். அப்புறம் லேப்காரர்களாலும் முழுதாக மீட்க முடியாது. வீடியோவில் சொன்னவருக்கு வேலை செய்திருக்கலாம், உங்கள் அப்பாவின் கேசட்டுகளை வைத்து அதைச் சோதிக்க வேண்டாம்.

எனக்கு என்னவோ இது ஒரே கோளாறாகத் தெரியவில்லை. மூன்று டிஸ்க் தெரியவில்லை என்றால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று தேடுவோம், அதில்தான் இரண்டு நாள் போய்விடும். புதிய இரண்டுக்கு ஒரு காரணம், பழையதில் ஒன்று காணாமல் போனதற்கு வேறு காரணம், புதன்கிழமை விழுந்ததற்கு இன்னொரு காரணம் என்று தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரு டிஸ்க் தெரியவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அது சுற்றுகிறதா என்பதைத்தான். சர்வரை ஆன் செய்யும்போது டிஸ்க்கின் பக்கவாட்டு உலோகத்தில் விரலை லேசாக வையுங்கள். கீழே இருக்கும் பச்சை போர்டைத் தொடாதீர்கள். நல்ல டிஸ்க் என்றால் இரண்டு மூன்று நொடிக்குள் விரலில் அதிர்வு ஏறும், பிறகு தலை நகரும் 'டக்' என்ற சின்னச் சத்தம், அதற்கப்புறம் ஒரே சீரான ஓட்டம். அதிர்வே இல்லை என்றால் பவர் பக்கம் பாருங்கள். சுற்றுகிறது, ஆனால் பயாஸில் இல்லை என்றால் டேட்டா கேபிள் அல்லது போர்ட். சுற்றிக்கொண்டே 'டக் டக் டக்' என்று அடித்துக்கொண்டால் உடனே ஆஃப், அதற்கு வேறு வைத்தியம். காணாத மூன்றுக்கும் இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். அப்புறம் அந்த ஸ்பிளிட்டரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், அதைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்.

குமரி_நெட் எழுதியது:

எம்.2 எஸ்எஸ்டி புதிதாகப் போட்டதாகச் சொல்கிறீர்கள். அது சாட்டா வகையா, என்விஎம்ஈ வகையா? நிறைய மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஆறு சாட்டா போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோ ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும், ஸ்லாட்டில் எஸ்எஸ்டி உட்கார்ந்தால் அந்த போர்ட் செத்துவிடும். எர்ரர் எதுவும் வராது. போர்டின் மேனுவலில் ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். காணாத பழைய டிஸ்க் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

வைகை_ராம் எழுதியது:

எங்கள் மாமா ஒருமுறை ஓடாத டிஸ்க்கை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து ஓட்டினார், கொஞ்ச நேரம் வேலை செய்தது, டேட்டாவை எடுத்துவிட்டார். கடைசி வழியாக முயன்று பார்க்கலாம்.

சால்டரிங்_மணி எழுதியது:

ராம், மாமாவுக்கு நடந்தது நிஜமாகத்தான் இருக்கும், ஆனால் இதை தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். சாதாரண டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஃப்ரீசரில் இருந்து வெளியே எடுத்ததும், சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் எல்லாம் குளிர்ந்த தட்டின் மேல் நீராகப் படியும், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வேர்ப்பது போல. தட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். அந்த ஈரத்தோடு சுற்றினால் தட்டில் கீறல் விழும். இந்தத் தம்பியின் டிஸ்க்குகள் செத்துப்போனதாக இன்னும் ஒரு அறிகுறியும் இல்லை, அதற்குள் கடைசி வழிக்குப் போக வேண்டியதில்லை.

மேடவாக்கம்_மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆஃப் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மணி அண்ணா சொன்னபடி விரல் வைத்துப் பார்த்தேன்.

புதிய 12 டிபி இரண்டும் சுற்றவே இல்லை. விரலில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை, உயிரே இல்லாதது போல இருக்கின்றன. ஆனால் அதில் ஒன்றைத் திரும்ப அதன் யூஎஸ்பி பெட்டியில் போட்டு லேப்டாப்பில் செருகினால் அருமையாக ஓடுகிறது! இன்னொரு பெட்டியின் கிளிப்புகள் பிரிக்கும்போதே உடைந்துவிட்டன.

காணாத பழைய டிஸ்க் சுற்றுகிறது. அதிர்வு இருக்கிறது, சீராகவும் இருக்கிறது. ஐந்தாவது போர்ட்டில் இருக்கிறது. குமரி நண்பரே, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மேனுவலில் பார்த்தேன், முதல் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி போட்டால் ஐந்தாவது போர்ட் வேலை செய்யாது என்று மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. என்னுடையது சாட்டா எஸ்எஸ்டிதான். மூன்று நாள் அந்த டிஸ்க்கின் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

கெர்னல் லாகில் (ஓஎஸ் தானே எழுதும் குறிப்பேட்டில்) ஐந்தாவது போர்ட்டுக்கு 'சாட்டா லிங்க் டவுன்' என்று மட்டும் இருக்கிறது. மூன்றாவது போர்ட்டில் இருக்கும் டிஸ்க்குக்குத்தான் புதன்கிழமை இரவு பக்கம் பக்கமாக எர்ரர் வந்திருக்கிறது. லிங்க் 6 ஜிபிபிஎஸ்ஸில் இருந்து 3க்கு இறங்கி, பிறகு 1.5க்கு இறங்கி, கடைசியில் 'காம்ரீசெட் ஃபெயில்டு' என்று முடிந்திருக்கிறது. ஸ்பிளிட்டர் போட்டோ இணைத்திருக்கிறேன். எடுக்கும்போதுதான் கவனித்தேன், மூன்றாவது டிஸ்க்கில் இருந்த கனெக்டரின் ஓரம் லேசாகப் பழுப்பு நிறமாக இருக்கிறது, முகர்ந்தால் பிளாஸ்டிக் கருகிய வாசனை வருகிறது.

சால்டரிங்_மணி எழுதியது:

தம்பி, அந்த ஸ்பிளிட்டரை வெட்டிக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவர் போட்டோவில் இருப்பது வார்ப்பு வகை, அதாவது வயர்களை உள்ளே வைத்துச் சூடான பிளாஸ்டிக்கை மேலே ஊற்றி வார்த்தது. ஊற்றும்போது வயரின் இழை ஒன்று கொஞ்சம் விலகினாலும் 12 வோல்ட்டும் பக்கத்து கிரவுண்டும் கிட்டத்தட்ட தொட்டுக்கொண்டிருக்கும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. மாதக்கணக்கில் நன்றாக ஓடி, ஒரு நாள் சூட்டில் பிளாஸ்டிக் இளகினால் தீ பிடிக்கும். எரிந்துபோன இரண்டு கேபினெட்டுகளை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு பின்னும் தனியாக அழுத்திப் பொருத்திய வகை, கனெக்டரின் பின்பக்கம் ஒரு மூடி மாதிரி கழலும், உள்ளே வயர்கள் தனித்தனியாகத் தெரியும், அதை வாங்குங்கள்.

அடுத்தது கணக்கு. ஒரு 3.5 அங்குல டிஸ்க் நின்ற நிலையில் இருந்து சுற்ற ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஓட ஆரம்பித்த பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது, ஆனால் அந்த முதல் சில நொடிகள்தான் கண்டம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக ஒரு கனெக்டர் தாங்குவது 4.5 ஆம்பியர். அதில் இருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரித்தால் ஆரம்பத்தில் 8 ஆம்பியர் போகிறது. தாங்க வேண்டியதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆறு டிஸ்க் ஒரு பொருட்டே இல்லை, ஆறும் சேர்ந்து 12 ஆம்பியர், 144 வாட். மூச்சு முட்டியது அந்த ஒரு கனெக்டருக்குத்தான். கனெக்டர் சூடாகி, தொடுகை தளர்ந்து, டிஸ்க்குக்குப் போகும் வோல்ட் இறங்கி ஏறி, புதன்கிழமை இரவு எழுதும் வேலை அதிகமானதும் டிஸ்க் விழுந்திருக்கிறது. டிஸ்க் மேல் தப்பு இருக்காது என்றுதான் நினைக்கிறேன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்துவிட்டு உறுதி செய்யலாம்.

இப்போது புதிய இரண்டு. இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. 2016ல் வந்த சாட்டா 3.3 விதியில் 'பவர் டிசேபிள்' என்று ஒரு வசதி சேர்த்தார்கள். டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான டிஸ்க் இருக்கும், ஒன்று உறைந்துவிட்டால் ஆள் போய்க் கழற்றிச் செருகாமல், தூரத்தில் இருந்தே பவரை நிறுத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்காக வந்தது. பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தூங்க வேண்டும் என்று வைத்தார்கள். பிரச்சினை என்னவென்றால், பழைய விதியில் அதே பின் சாதாரண 3.3 வோல்ட் சப்ளை. உங்கள் எஸ்எம்பிஎஸ் பழைய விதிப்படி எப்போதும் அதில் 3.3 கொடுத்துக்கொண்டே இருக்கிறது, டிஸ்க் 'தூங்கு' என்ற உத்தரவு வந்துகொண்டே இருப்பதாக நினைத்து அசையாமல் கிடக்கிறது. யூஎஸ்பி பெட்டியில் அந்தப் பின்னுக்கு ஒன்றும் வராது, அதனால்தான் அங்கே ஓடுகிறது.

வழி சுலபம். மொபைல் சர்வீஸ் கடைகளில் மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி ஒரு டேப் இருக்கும், கேப்டான் டேப். சூடு தாங்கும், மெல்லியது. டிஸ்க்கில் சின்னது டேட்டா கனெக்டர், பெரியது பவர் கனெக்டர். பவர் கனெக்டரில் டேட்டா பக்கத்தில் இருந்து எண்ணுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதை மட்டும் மூடினால் போதும், ஆனால் ஒரு பின்னின் அகலத்துக்கு டேப் வெட்டுவது கஷ்டமாக இருந்தால் முதல் மூன்றையும் சேர்த்தே மூடலாம், மூன்றும் 3.3 வோல்ட் பின்தான், இந்த டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை. புது பிளேடால் வெட்டி, இடுக்கியால் வைத்து, குச்சியின் முனையால் நன்றாக அழுத்துங்கள். நான்காவது பின் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரைச் செருகும்போது நேராகச் செருகுங்கள், சாய்த்தால் டேப் சுருண்டுவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை வழிந்து நகர்ந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் நான்கு முனை மோலெக்ஸ் வயர் இருந்தால் அதில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வெர்ட்டரும் போடலாம். அதில் மஞ்சள் 12, சிவப்பு 5, இரண்டு கறுப்பு கிரவுண்டு, அவ்வளவுதான், 3.3 கிடையாது. அதிலும் வார்ப்பு வகை வேண்டாம், மேலே சொன்ன அதே காரணம்தான்.

தேன்மொழி_மதுரை எழுதியது:

ஹார்டுவேர் பக்கத்தை மணி அண்ணா முடித்துவிட்டார், நான் ரெய்டு பக்கம் சொல்கிறேன். இந்த வரிசை ரொம்ப முக்கியம், அவசரப்படாமல் செய்யுங்கள். நம்பிக்கையோடு இருங்கள், உங்கள் டேட்டா பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

முதலில் எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றிவிடுங்கள். ஐந்தாவது போர்ட் உயிர் பெறும், பழைய ஓஎஸ் தானாக எதையும் ஆரம்பிக்காது. ஒரு லைவ் பென் டிரைவில் இருந்து பூட் செய்யுங்கள். பழைய நான்கு டிஸ்க்கையும் எஸ்எம்பிஎஸ்ஸின் நான்கு சொந்தக் கனெக்டர்களில் போடுங்கள், ஸ்பிளிட்டர் எதுவும் வேண்டாம். எட்டவில்லை என்றால் டிஸ்க்குகளை கேபினெட்டுக்கு வெளியே ஒரு காய்ந்த மரப்பலகையின் மேல் வரிசையாக வைத்து, ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். மூன்றாவது டிஸ்க்குக்கு டேட்டா கேபிளையும் புதிதாக மாற்றுங்கள்.

டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் நம்பாதீர்கள், ஒவ்வொரு பூட்டிலும் அது மாறலாம். லேபிளில் இருக்கும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒரு பேப்பர் டேப்பில் எழுதி டிஸ்க்கின் மேலேயே ஒட்டுங்கள். இனி எந்தக் குறிப்பும் அந்த எண்ணை வைத்துத்தான்.

அப்புறம் நான்கு டிஸ்க்குக்கும் எம்டிஅட்ம் எக்ஸாமின் ஓட்டுங்கள். இது வெறுமனே படிக்கும், எதையும் எழுதாது. அதில் 'ஈவென்ட்ஸ்' என்று ஒரு எண் வரும். ரெய்டில் மாற்றம் நடக்க நடக்க அந்த எண் ஏறும், எந்த டிஸ்க் எப்போது வண்டியில் இருந்து இறங்கியது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமையே காணாமல் போன டிஸ்க்கின் எண் ரொம்பப் பின்தங்கி இருக்கும். புதன்கிழமை விழுந்ததன் எண் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சமே குறைவாக இருக்கும். ஐந்தாவது போர்ட் டிஸ்க் இப்போது நன்றாகத் தெரிகிறதே, அதையும் சேர்த்து நான்காக ஓட்டிவிடலாம் என்று மட்டும் தோன்றக் கூடாது. அதில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியது எதுவும் அதற்குத் தெரியாது.

நான்குக்கும் ஸ்மார்ட் கணக்கையும் எடுங்கள். 5, 197, 198, 199 என்ற நான்கு வரி போதும். 199 என்பது கேபிள் வழியில் நடந்த தவறுகளின் எண்ணிக்கை, அது ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்ட வேண்டாம். 5, 197, 198 தட்டின் உடல்நிலை. எண்களை அப்படியே இங்கே போடுங்கள், அதற்கு முன் எந்த கமாண்டும் வேண்டாம்.

மேடவாக்கம்_மாடி எழுதியது:

அக்கா, எல்லாம் சொன்னபடியே செய்தேன். சாப்பாட்டு மேஜையை ஒதுக்கி, பலகை போட்டு, ஃபேன் வைத்து, நான்கும் வரிசையாக ஓடுகின்றன. லைவ் பென் டிரைவில் நான்குமே தெரிகின்றன!

ஈவென்ட்ஸ் எண்கள்: ஐந்தாவது போர்ட் டிஸ்க் 48210. புதன்கிழமை விழுந்தது 51377. மற்ற இரண்டும் 51384.

ஸ்மார்ட்: விழுந்த டிஸ்க்கில் 199ல் 412 இருக்கிறது, 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். ஐந்தாவது போர்ட் டிஸ்க் எல்லாமே பூஜ்யம். மற்ற இரண்டில் ஒன்று சுத்தம், இன்னொன்றில் 197ல் 8 காட்டுகிறது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

12 டிபி விஷயம். மணி அண்ணா சொன்ன டேப்பைப் பக்கத்து மொபைல் கடைப் பையனிடம் கேட்டேன், சுருளில் இருந்து ஒரு சாண் கிழித்துக் கொடுத்துவிட்டு காசு வாங்க மறுத்துவிட்டான். பெட்டி உடைந்த டிஸ்க்கில் ஒட்டி, வேறொரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். விரலில் அதிர்வு ஏறியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல். யூஎஸ்பியில் இருந்தபோது அதில் கொஞ்சம் ஃபைல் போட்டு வைத்திருந்தேன், இப்போது நேராக மாட்டினால் பார்ட்டிஷனே இல்லை என்கிறது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது.

தேன்மொழி_மதுரை எழுதியது:

ஃபார்மேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சில யூஎஸ்பி பெட்டிகளின் போர்டு, டிஸ்க்கின் செக்டரை (டேட்டா எழுதும் சின்னக் கட்டத்தை) 512 பைட்டாகக் காட்டாமல் 4096 பைட்டாக மாற்றிக் காட்டும். நேரடி சாட்டாவில் அந்தக் கணக்கு மாறுவதால் பார்ட்டிஷன் அட்டவணை வேறு இடத்தில் இருப்பது போல் ஆகிவிடும். டேட்டா போகவில்லை. அதே பெட்டி போர்டில் திரும்ப மாட்டினால் தெரியும். பெட்டியின் பிளாஸ்டிக் உடைந்தால் என்ன, உள்ளே இருக்கும் சின்ன போர்டு நன்றாகத்தானே இருக்கிறது? அதை வெறுமனே மாட்டி ஃபைல்களை எடுத்துவிட்டு, அப்புறம் சர்வரில் போட்டு ஃபார்மேட் செய்யுங்கள். சில பெட்டிகளில் போர்டே என்கிரிப்ட் செய்து எழுதும், எனவே ஃபைல்களை எடுக்கும்வரை அந்த போர்டைத் தூக்கி எறியாதீர்கள்.

இப்போது ரெய்டு. எண்கள் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. 51377க்கும் 51384க்கும் ஏழுதான் வித்தியாசம், புதன்கிழமை அந்தக் கடைசி நொடிகளில் ஏற்றிக்கொண்டிருந்த போட்டோக்கள் ஒன்றிரண்டு கெட்டிருக்கலாம், பழைய கச்சேரிகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

48210 எண் உள்ள டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மீதி மூன்றை மட்டும் பெயர் சொல்லி எம்டிஅட்ம் அசெம்பிள் ஃபோர்ஸ் கொடுங்கள். திரும்பச் சொல்கிறேன், இருப்பதைச் சேர்க்கும் அசெம்பிள், புதிதாக உருவாக்கும் கிரியேட் இல்லை. மூன்றில் ஓட ஆரம்பித்ததும் ஈஎக்ஸ்டி4ஐ எழுத முடியாதபடி, ரீட் ஒன்லி, நோலோடு என்ற இரண்டு விருப்பத்தோடு மவுன்ட் செய்யுங்கள். நோலோடு இல்லை என்றால் ரீட் ஒன்லியிலும் அது ஜர்னலை, அதாவது முடியாமல் நின்ற வேலைகளின் குறிப்பை, ஓட்டி டிஸ்க்கில் எழுதப் பார்க்கும்.

திறந்ததும் ரீபில்டு செய்ய ஆசையாக இருக்கும். வேண்டாம். அந்த 197ல் இருக்கும் 8க்காகத்தான் சொல்கிறேன். 8 செக்டரை அந்த டிஸ்க்கால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். ரீபில்டு என்பது நான்காவதை மறுபடி நிரப்ப மீதி மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரில் இருந்து கடைசி வரை படிப்பது. நடுவில் அந்த இடத்தில் முட்டி நின்றால் மறுபடியும் எல்லாம் விழும். அதனால் நல்ல பெட்டியில் இருக்கும் 12 டிபியை யூஎஸ்பியில் மாட்டி, கச்சேரிகளை முதலில் காப்பி செய்யுங்கள். அப்புறம் போட்டோ. சினிமா மாதிரி திரும்பக் கிடைக்கக்கூடியது எல்லாம் கடைசியில். காப்பி ஆன பிறகு கச்சேரிகளில் நான்கைந்தை நடுநடுவே திறந்து காதால் கேட்டுப் பாருங்கள், ஃபைலின் அளவு சரியாக இருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம்.

குமரி_நெட் எழுதியது:

எம்.2க்கு ஒரு யோசனை. உங்கள் போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் அது என்விஎம்ஈ மட்டும் எடுக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். அப்படியானால் ரிச்சி தெருவில் சின்ன 256 ஜிபி என்விஎம்ஈ ஒன்று வாங்கி அதில் ஓஎஸ் போடுங்கள், ஆறு சாட்டா போர்ட்டும் மிஞ்சும். மேலும் டிஸ்க் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் எல்எஸ்ஐ 9211-8ஐ மாதிரி கூடுதல் போர்ட் தரும் கார்டு, ஐடி மோடு (கார்டு ரெய்டு செய்யாமல் டிஸ்க்கை அப்படியே காட்டும்) ஃபர்ம்வேரோடு பார்த்து வாங்குங்கள். அதற்கான கேபிள் வாங்கும்போது ஜாக்கிரதை, ஒரு பக்கம் பெரிய முனை, மறுபக்கம் நான்கு சாட்டா. இதே உருவத்தில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரண்டு வகை உண்டு. கார்டில் இருந்து டிஸ்க்குக்குப் போக வேண்டியது ஃபார்வர்டு. ரிவர்ஸ் வாங்கி மாட்டினால் நான்கு டிஸ்க்கும் தெரியாது, நாம் கார்டு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். எனக்கு ஒரு வாரம் போனது.

மேடவாக்கம்_மாடி எழுதியது:

அசெம்பிள் ஆகிவிட்டது! மூன்று டிஸ்க்கில் ஓடுகிறது. ரீட் ஒன்லியில் திறந்ததும் முதலில் அந்த ஃபோல்டருக்குத்தான் போனேன். 340ம் இருக்கின்றன. முந்நூறு ஜிபிக்கு மேல், யூஎஸ்பியில் ஒரு மணி நேரத்துக்குள் காப்பி முடிந்தது. அக்கா சொன்னபடி நடுநடுவே திறந்து கேட்டேன். 1987 பங்குனி உத்திரம் ஒன்று, அப்பா மைக்கைத் தவிலுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடையில் யாரிடமோ 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று சொல்வது கேட்கும். அதுவும் அப்படியே இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

போட்டோக்களில் புதன்கிழமை ஏற்றிய மூன்று மட்டும் பாதி சாம்பல் நிறமாக வருகிறது, அவை போனில் இன்னும் இருக்கின்றன. பெட்டி உடைந்த டிஸ்க்கையும் அதன் போர்டில் மாட்டி உள்ளே இருந்ததை எடுத்துவிட்டேன், அதில் கச்சேரிகளின் இரண்டாவது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் அதை மயிலாடுதுறையில் தம்பி வீட்டில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. 197ல் 8 இருக்கும் டிஸ்க்கை வைத்துக்கொண்டே ஓரமாக வைத்த நான்காவதைச் சேர்க்கலாமா, இல்லை முதலில் இதை மாற்ற வேண்டுமா?

தேன்மொழி_மதுரை எழுதியது:

ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

வேண்டிய ஃபைல் எல்லாம் வெளியே வந்துவிட்டதால் இப்போது சேர்க்கலாம். ரீட் ஒன்லி மவுன்ட்டை எடுத்துவிட்டு ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகேவை முதலில் எதையும் மாற்றாத விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள், பெரிய புகார் இல்லை என்றால் சரி செய்ய விடுங்கள். ஓரமாக வைத்த டிஸ்க்கின் பழைய ரெய்டு கையெழுத்தை அழித்துவிட்டுப் புது டிஸ்க் மாதிரி சேர்க்க வேண்டும். அழிப்பதற்கு முன் மேலே ஒட்டிய பேப்பர் டேப்பை வாய்விட்டுப் படியுங்கள், இதில்தான் கை தவறும். 4 டிபிக்கு நொடிக்கு 120 எம்பி வேகம் என்று வைத்தால் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், கரண்ட் போகாத நாளாகப் பார்த்து இன்வெர்ட்டரில் போடுங்கள். அந்த 8 செக்டரில் முட்டி நின்றால் இங்கே எழுதுங்கள், படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகும் டிடிரெஸ்க்யூ வைத்து அந்த டிஸ்க்கை வேறொன்றில் நகல் எடுத்துத் தொடரலாம். நின்றாலும் நிற்காவிட்டாலும் ரீபில்டு முடிந்ததும் அந்த டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

சால்டரிங்_மணி எழுதியது:

கேபினெட்டுக்குள் திரும்ப அடுக்கும்போது ஒவ்வொரு பவர் கனெக்டரையும் ஒரு வாரம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள் தம்பி. இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் அதை அன்றைக்கே மாற்றுங்கள்.

மேடவாக்கம்_மாடி எழுதியது:

காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். இப்போது 38 சதவீதம், 197 இன்னும் 8லேயே நிற்கிறது, லிங்க் எல்லாம் 6 ஜிபிபிஎஸ். இரவு வந்து எழுதுகிறேன்.